லைட்டு எரியற காரு

பூசைக்கு இன்னும் நேரம் இருக்குதுங்க. அதுக்குள்ள ஒரு காரு கதை சொல்லிப்போடறேன், சின்னதுதான். குலதெய்வம் கோயில்ல காரு கதையான்னு மூஞ்சியைச் சுளிக்காதீங்க. வெளிய வேப்பமரத்தடியில நிக்கிறது பூராம் என்ன? நடந்தா வந்தீங்க?

காங்கயத்துக்குப் பக்கத்துல ஒரு தோட்டம். அண்ணன் சென்னியப்பன், தம்பி மகுடபதி. ஒரே வளவு, ரெண்டு அடுப்பு. நெலத்தைப் பிரிச்சாச்சு, மாட்டைப் பிரிச்சாச்சு, தென்னை மரத்தைக்கூடப் பிரிச்சாச்சு. பிரிக்க முடியாம நின்னது ஒண்ணே ஒண்ணு... அவங்க அப்பா விட்டுட்டுப் போன காரு. காரை ரெண்டா அறுக்க முடியுங்களா? அதனால அது பொதுவுல கெடந்துச்சு.

சங்கதி இங்கதான். அண்ணன் சந்தைக்குப் போகோணும்னா, போய்த் திரும்பற அளவுக்குத்தான் பெட்ரோல் போடுவாரு. ஒரு சொட்டு கூடுதலா இருக்காது. ஏன்? மிச்சம் இருந்தா தம்பி ஓட்டிப்போடுவானே! தம்பி மாமியார் வீட்டுக்குப் போனா அவனும் அப்படியே. "அவருக்கு நான் எதுக்கு ஊத்தோணும்?" வண்டியைக் கொண்டாந்து நிறுத்தறப்ப, பெட்ரோல் தீரப்போகுதுன்னு மஞ்ச லைட்டு எரியும். எடுக்கறப்பவும் எரியும். அது எரியறதைப் பார்த்தாத்தான் ரெண்டு பேருக்கும் நிம்மதியாத் தூக்கம் வரும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லீங்க... வருசக்கணக்கா!

சிரிங்க, சிரிங்க. அந்தக் கடைசி வரிசையில ரெண்டு பேரு மட்டும் சிரிக்கலையே... ஏனுங்க?

ஒரு நாள் நல்ல உச்சி வெய்யில். களத்துல தேங்காப்பருப்பு காய வெச்சுட்டிருந்த அண்ணன், நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாரு. வேர்த்துக் கொட்டுது. கை மரத்துப்போச்சு. ஆம்புலன்சுக்குக் கேட்டா, வர நேரமாகும்னுட்டாங்க. அவரு சம்சாரம் தம்பி வாசல்ல போய் நின்னு அலறுது. பேச்சுவார்த்தை இல்லாத வீடு. ஆனாலும் ஓடியாந்தான் மகுடபதி... கூடப் பொறந்தவன் இல்லீங்களா? அண்ணனைத் தூக்கிப் பின்சீட்டுல போட்டான், அந்தம்மா பக்கத்துல ஏறிக்கிச்சு. சாவியைத் திருப்பினான்...

மஞ்ச லைட்டு.

திருப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராது. வழியில பங்க்குல நிறுத்தித்தான் ஆகோணும். பங்க்குக்காரர் கேக்கறாரு, "எவ்வளவுங்க?" மகுடபதி கத்தறான்: "ரொப்புங்க! வழியற வரைக்கும் ரொப்புங்க!"

அந்த வலியிலயும் அண்ணன் கண்ணைத் தொறந்தாரு. "டேய்... எதுக்குடா அவ்வளவு?"

"சும்மா கெடங்கண்ணா! உங்களுக்குத்தான் ஊத்தறேன்!"

பெட்ரோல் முள்ளு மேல ஏறி நிக்குது. தம்பி மிதிக்கிறான். கொஞ்ச தூரம்... கொஞ்ச தூரம்தானுங்க. வண்டி விக்குது... இழுக்குது... பொட்டக்காட்டுல நின்னேபோச்சு. சாவியைத் திருப்பறான். ம்ஹூம். மறுக்காத் திருப்பறான். ம்ஹூம்!

"என்னாச்சுடா தம்பி?"

"அண்ணா, டேங்கு நெறையா இருக்குதுங்ணா... நெறையா இருக்குது!" ஸ்டியரிங்கைக் குத்தறான், அழறான். பின்னாடி அண்ணனுக்கு மூச்சு வாங்குது. அந்தம்மா எறங்கி நடுரோட்டுல கையை விரிச்சு நின்னுருச்சு.

நெறைய இருந்தும் ஏனுங்க ஓடல? நம்ம போர்க்கெணத்துல மோட்டார் முங்கிக் கெடக்குதே, அதே மாதிரி காரு டேங்குக்குள்ள ஒரு பம்பு முங்கிக் கெடக்குது. பெட்ரோலை இஞ்சினுக்குத் தள்ளறது அதுதான். தண்ணி இல்லாத போர்ல மோட்டாரை ஓட்டினா என்ன ஆகும்? உங்களுக்கா தெரியாது! இதுக்கும் அதே கதி. சுத்தியும் பெட்ரோல் இருந்தாத்தான் அது சூடேறாம இருக்கும். ஒரு நாள் லைட்டு எரிஞ்சாக் கெட்டுப்போயிராது. வருசம் பூராம் அடிமட்டத்துலயே ஓட்டினா? உள்ளுக்குள்ளயே வெந்து வெந்து, ஒரு நாள் நின்னுபோகும். அது எந்த நாளுன்னு நம்மகிட்டச் சொல்லாது. அப்புறம் நெறைய ஊத்தி என்ன பண்றது?

எளநி லோடு வண்டி ஒண்ணு வந்துச்சு. யாரோ, எந்த ஊரோ. அந்த டிரைவர் எறங்கி ஒரு பார்வைதான் பார்த்தாரு. மனுசனைப் படுக்க வெக்க எடம் வேணுமில்ல? காயைப் பூராம் ரோட்டோரத்துல தள்ளிவிட்டாரு. பூராம்! ஒரு சொட்டு மிச்சம் விடாத அண்ணன் தம்பிக்காக, யாரோ ஒருத்தர் லோடையே கொட்டினாருங்க.

அண்ணன் பொழைச்சுக்கிட்டாரு. கண்ணு முழிச்சதும் கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுங்களா? "டேய், அந்தப் பெட்ரோலு இருக்குதா?"

"அப்படியே இருக்குதுங்ணா."

"பம்பை மாத்திட்டு... நீயே எடுத்துட்டுப் போ. உன்ற மாமியார் வீட்டுக்குப் போய்ட்டு வா." தம்பி கட்டிலோரத்துல குந்தி, கொழந்தையாட்டத் தேம்பித் தேம்பி அழுதான்.

என்ற சொந்தங்களே... காரைப் பத்தியா பேசிட்டிருக்கேன்? பெட்ரோலு ஓடறதுக்கு மட்டும் இல்லீங்க, உள்ள இருக்கறது வேகாம இருக்கறதுக்கும்தான். பாசமும் அப்படித்தான். காரியத்துக்கு வேணுங்கற அளவுக்கு ஒரு பேச்சு, ஒரு மொய், ஒரு தலையாட்டல்... அதோட லைட்டு எரிய எரியக் கொண்டாந்து நிறுத்தறோம். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு வழியற வரைக்கும் ஊத்தலாம்னு இருக்கறோம். அன்னிக்கு உள்ள இருக்கறது உசுரோட இருக்கோணுமே?

பூசை முடிஞ்சு பந்தி போடுவாங்க. பேசாத பங்காளி பக்கத்துல போய் உட்காருங்க. கொஞ்சம் மிச்சம் விடுங்க. அவன் ஓட்டிட்டுப் போனாப் போகட்டுமே... போறது உங்க தம்பிதானுங்க?