பக்கத்து இருக்கையின் பிரேக்

இலையுதிர் காலத்தில் மலையூருக்குப் போகிறவர்கள் கம்பளிச் சட்டையை மறந்துவிட்டுப் போய் நடுங்குவார்கள். நாங்கள் மறக்கவில்லை. இரண்டு பேருக்கும் நான்தான் எடுத்து வைத்தேன். என் மனைவிக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது.

உங்கள் ஆட்கள் காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து, ஒரு பழுதும் இல்லை என்று எழுதியிருக்கிறார்களாம். சரிதான் இன்ஸ்பெக்டர் ஐயா. அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறவன் நான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் கார் அது. கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இருபத்தாறு வருஷமாக அந்த இருக்கையில் உட்கார்ந்து அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த பிரேக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழகுகிறவருக்குத் தெரியாமல் லேசாக மிதித்துக்கொண்டே வந்தால், தானே அழகாக ஓட்டுவதாக அவர் நினைத்துக்கொள்வார். பயம் போய்விடும். பத்தாம் நாள் வாக்கில் நான் காலை எடுத்துவிடுவேன். என் மனைவிக்கு மட்டும் எடுக்கவில்லை. மைதானத்தைச் சுற்றிக் காட்டி உரிமம் வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகும் நாலு வருஷம், நான் பக்கத்தில் இல்லாமல் அவள் ஓட்டியதே இல்லை. அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற அக்கறைதான்.

மலையிலும் அவள்தான் ஓட்டினாள். மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நின்றது. ஒவ்வொரு இறக்கத்திலும் அவள் பிரேக்கைத் தொட்டாள், நான் அழுத்தினேன்.

"பாத்தீங்களா, மலையிலயே ஓட்டிட்டேன். நீங்க சும்மாதான உக்காந்திருந்தீங்க?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். என் காரில் நானே உப்புக்குச் சப்பாணி.

மூன்றாம் நாள், நாங்கள் தங்கிய விடுதியை நடத்தும் அம்மாள், சமையலறைப் பொறுப்புக்கு ஆள் தேடுவதாகச் சொன்னாள். வாரம் இரண்டு தடவை மலையடிவாரச் சந்தைக்குப் போய் வர வேண்டும், கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். என் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சரியென்றுவிட்டாள். அறைக்கு வந்து, என் துணிகளை மட்டும் மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"நான் வரலைங்க. இங்கயே இருந்துக்கறேன்."

"அப்படி என்ன குறை வச்சேன்?"

"முப்பது வருஷமா நீங்க சொன்ன பக்கமே திரும்பிட்டேன். போதும்."

குரலை உயர்த்தக்கூட இல்லை. கறிவேப்பிலை மாதிரி எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். வயிறு எரிந்தது, மறைப்பானேன். ஆனால் நான் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை.

"சரி. காரையும் நீயே வச்சுக்கோ. நான் பஸ்ல போயிக்கறேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை தூறல். உதிர்ந்த இலைகள் சாலையில் ஈரமாக ஒட்டிக்கிடந்தன. அவள் முதல் தடவையாகச் சந்தைக்குக் கிளம்பினாள். முன்கண்ணாடியை நானே துடைத்துக் கொடுத்தேன். இருக்கையை முன்னால் நகர்த்தி உட்கார்ந்தவள், கொஞ்சம் தயங்கினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் கூட வர்றீங்களா, சந்தை வரைக்கும்?"

"நீதான் நல்லா ஓட்டுறியே" என்றேன்.

அந்த இறக்கத்துக்கு எவ்வளவு அழுத்தி மிதிக்க வேண்டும் என்பது அவள் காலுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முதல் கியரில் இறங்கு, நன்றாக மிதி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும் என்று பழக்கியிருந்தேன். மூன்று வளைவுக்கு அடித்தாள். நாலாவது கேட்கவில்லை. விடுதிக்கார அம்மாள் இன்னொரு டீ வேண்டுமா என்றாள். வேண்டும் என்றேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. அவள் ஆசைப்படியே அங்கே அடக்கம் செய்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். எந்தப் புருஷன் ஐயா இவ்வளவு விட்டுக்கொடுப்பான்?