அண்ணி இறங்கின இடம்

– இறங்கிட்டேன்.

– எங்க அண்ணி?

– இங்கதான் தம்பி, இந்தக் கல்லுக்கு முன்னாடி. சைக்கிளும் நிக்குது, நானும் நிக்கிறேன். கண்ணுக்குத் தெரியலையா?

– அட போங்க அண்ணி! உச்சியிலேர்ந்து இது வரைக்கும் ஒரு கால்கூட ஊனாம வந்தீங்க. மரப்பாலம் தாண்டினீங்க, வேர் தாண்டினீங்க, அந்தக் கொண்டை ஊசி வளைவையே தாண்டினீங்க. கடைசியில இந்தப் பொடிக் கல்லுக்குப் போய் இறங்குவாங்களா? சத்தியமா சொல்றேன், நாலு விரல் உயரம்கூட இருக்காது.

– இருக்கோ, இல்லையோ. பயமா இருந்துச்சு, இறங்கிட்டேன். நீ போட்ட சட்டம்தானே? நான் கால் ஊனாம வந்தா பச்சைப் பாதை, யார் வேணும்னாலும் ஓட்டலாம். ஒரு கால் ஊனினா நீலம், பழகினவங்களுக்கு. இறங்கித் தள்ளினா கறுப்பு, கில்லாடிங்களுக்கு மட்டும்.

– சட்டம் சட்டம்தான். ஆனா நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நாற்பது பேர் வராங்க, திறப்பு விழாவுக்கு. பச்சைப் பலகைக்கு நேத்தே பெயின்ட் அடிச்சுக் காய வச்சாச்சு. இப்போ வந்து கறுப்புன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?

– இந்தக் கல்லுல முட்டிக்கோ. பலகைக்குத் தக்கபடியா பாதை போடுவாங்க? மண்வெட்டியை எடு. கல்லுக்குக் கீழ மண்ணை நிரப்பிச் சரிவு கட்டு. நான் மறுபடி மேல போய் ஓட்டி வரேன்.

– ஏழு வருஷமா இதே பாட்டுதான். இந்த ஊரைச் சுத்திப் பதினோரு பாதை. நீங்க இறங்கின இடத்துல எல்லாம் நான் கொட்டின மண்ணை ஒண்ணா சேர்த்தா இன்னொரு மலையே வந்திருக்கும்.

– அண்ணீ! இங்க பாருங்க, ரெண்டு கையையும் விட்டுட்டேன்!

– கையைப் பிடிங்க ரொட்டிக்கடையம்மா! நேரா பார்த்து ஓட்டுங்க! அந்தப் பாதையில முன்னாடி வளைவு இருக்கு!

– உன்னைக் கேட்டேனா தம்பி? அண்ணி, திங்கக்கிழமை கிளம்புறீங்களாமே! கடைக்கு வராமப் போனீங்க, அப்புறம் நான் பேசவே மாட்டேன்! உங்க புண்ணியத்துல என் முட்டி வலி போயே போச்சு!

– வரேன், வரேன்! நீங்க முதல்ல கையைப் பிடிங்க!... பார்த்தியா தம்பி? அறுபது வயசு. போன வருஷம் சைக்கிளைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போனவங்க.

– பார்த்தேன். அவங்க மட்டுமா? நீங்க இறங்கி இறங்கித்தான் அந்த முதல் பச்சைப் பாதை அவ்வளவு வழவழன்னு ஆச்சு. ஆஸ்பத்திரி நர்ஸ் அதுல பழகினாங்க, தபால்காரர் பழகினாரு, தபால்காரரோட மாமியார் பழகினாங்க. எனக்கு மட்டும் அண்ணியா இருந்தீங்க, இப்போ ஊருக்கே அண்ணி.

– சரி விடு. வெயில் ஏறுது. மண் போடுறதுக்கு முன்னாடி ஒரு வாய் டீ ஊத்து.

– இந்தாங்க.

– பார்த்து, பார்த்து! என் செருப்பு மேல ஊத்துறே!

– காத்து அண்ணி. காத்துல தள்ளிடுச்சு.

– காத்தா? ஒரு இலை அசையலை. சரி, கொடு.

– ஒரு சந்தேகம். கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?

– கேளு.

– திங்கக்கிழமை நீங்க போற ஊர் சைக்கிள் பள்ளியில உங்களை எப்படி வாத்தியாரா எடுத்தாங்க? எறும்பு குறுக்கே வந்தாலே இறங்குற ஆள் நீங்க. கேள்விப்பட்டதுலேர்ந்து எனக்குச் சிரிப்பு தாங்கலை.

– பரீட்சை வச்சுத்தான் எடுத்தாங்க.

– என்ன பரீட்சை?

– அவங்க கறுப்புப் பாதையில வரச் சொன்னாங்க.

– ஐயையோ! மேலேர்ந்து கீழ வரைக்கும் தள்ளிக்கிட்டா வந்தீங்க?

– ஓட்டிக்கிட்டு வந்தேன்.

– எத்தனை தடவை கால் ஊனினீங்க?

– ஊனலை.

– ஒரு தடவைகூடவா!

– வாயை மூடு தம்பி, ஈ போயிடும்.

– விளையாடாதீங்க அண்ணி.

– இதுல என்ன விளையாட்டு? நம்ம ஊர் கறுப்புப் பாதையிலயும் ஓட்டுறேன். ஞாயித்துக்கிழமை விடியக்காலம், ஆள் வர்றதுக்கு முன்னாடி. மூணு வருஷமா.

– அந்த டயர் தடம் நீங்களா? நான் எவனோ வெளியூர் வீரன் வந்து பறந்துட்டுப் போறான்னு ஊர் பூரா பேசிக்கிட்டுத் திரியிறேன்! வாயில விரலை வச்சா கடிக்கத் தெரியாத மாதிரி இருந்துகிட்டு... இருங்க, இருங்க. அப்போ இந்தக் கல்லு? இப்போதானே பயமா இருந்துச்சுன்னீங்க?

– பயம்தான். எனக்காக இல்லை.

– மூணு வருஷமா என்னை வச்சு வேடிக்கை பார்த்தீங்களா? நானும் நீங்க சொன்ன இடத்துல எல்லாம் முதுகு ஒடிய மண் சுமந்தேனே!

– கத்தாதே. எந்திரிச்சு அந்தக் கல்லுக்குக் கீழ போய் நில்லு.

– எதுக்கு?

– போன்னா போயேன். மெதுவா கால் வச்சு இறங்கு. ஆங். இப்போ சொல்லு, கல்லு உன் கால்ல எது வரைக்கும் வருது?

– ...முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ.

– நாலு விரல்னு சொன்னே.

– நேத்து ராத்திரி மழை. மண்ணை அரிச்சிருக்கு.

– அரிச்சிருக்கு. அது எனக்கு மேலேர்ந்தே தெரிஞ்சுது. உனக்குத் தெரியலை. நாளைக்கு ஒரு பிள்ளை வேகமா வந்து இதுல இறங்கினா, பல்லு முன்னாடி வரும், தலை பின்னாடி வரும்.

– அண்ணி, வேண்டாம். அந்தப் பேச்சு வேண்டாம்.

– வேணும். திங்கக்கிழமை நான் போயிடுவேன், இன்னைக்கு விட்டா எப்போ பேசுறது? மூணு வருஷத்துக்கு முன்னாடி புதர் வெட்டுறப்போ உன் வலது கண்ணுல குச்சி குத்துச்சு. கட்டுப் பிரிச்சதும் "சரியாப் போச்சு"ன்னு சிரிச்சுக்கிட்டே வந்தே. மறுநாள் எனக்கு டீ ஊத்தினே. டம்ளருக்கு ரெண்டு விரல் தள்ளித் தரையில ஊத்தினே. அன்னைக்கும் காத்துன்னுதான் சொன்னே.

– ...டாக்டர் சொன்னாரு. ஒத்தைக் கண்ணால பார்த்தா மேடு பள்ளம் சரியாப் பிடிபடாதாம். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்.

– பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருண்டு போச்சுன்னு நினைக்குமாம்.

– அன்னைக்கே ஏன் சொல்லலை?

– சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பே? மண்வெட்டியை மூலையில சாத்திட்டு வீட்டுக்குள்ள உட்கார்ந்திருப்பே. வீட்டுக்குள்ள உட்கார்றது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் தம்பி. உங்க அண்ணன் போனப்புறம் ஆறு மாசம் நான் உட்கார்ந்தேன். தலை சீவலை, ஜன்னலைத் திறக்கலை. வந்தவங்க எல்லாம் ஆறுதல் சொன்னாங்க, கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. நீ ஒருத்தன்தான் ஆறுதல் சொல்லலை.

– எனக்குச் சொல்லத் தெரியலை.

– கதவைத் தட்டினே. "அண்ணி, ஊர் ஆபீஸ்ல சைக்கிள் பாதை போடச் சொல்லிட்டாங்க. எது சுலபம், எது கஷ்டம்னு எனக்குப் புரியலை. அவசரமா ஒரு பயந்தாங்கொள்ளி வேணும், வரீங்களா"ன்னே. எனக்கு வந்த கோபத்துக்கு உன் மண்டையை உடைச்சிருப்பேன்.

– செருப்பைத் தூக்கி எறிஞ்சீங்க. மறந்துட்டீங்க போல.

– மறக்கலை. எறிஞ்ச செருப்பை எடுத்துப் போட்டுக்கிட்டுத்தானே உன் பின்னாடி வந்தேன். அந்த முதல் வருஷம் நிஜமாவே பயம்தான். கூழாங்கல்லைக் கண்டாலும் இறங்கினேன். நீ ஒரு நாள்கூட முகம் சுளிக்கலை. நான் இறங்கின இடத்துல எல்லாம் மண் போட்டு, மறுபடி ஏறச் சொன்னே. அப்படித்தான் நான் எந்திரிச்சேன். அதுக்கு உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியாமத்தான், இந்த மூணு வருஷமும் இறங்கி இறங்கிச் சொன்னேன்.

– அழ வைக்காதீங்க அண்ணி.

– அழு. மண்ணைப் போட்டுக்கிட்டே அழு. நாற்பது பிள்ளைங்க வருது.

– போடுறேன்... நானும் ஒண்ணு சொல்லிடுறேன். எனக்கு அளவு பிடிபடலைன்னு தெரிஞ்சும் எந்தத் தைரியத்துல வேலை பார்த்தேன் தெரியுமா? தப்பு இருந்தா அண்ணி இறங்கிடுவாங்கங்கிற தைரியம். ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன். நீங்க பயந்தாங்கொள்ளியா இருந்ததுக்கு நான் கடவுளுக்கு எத்தனை நன்றி சொல்லியிருப்பேன்!

– கடவுளுக்குச் சொன்னியா? எனக்குல்ல சொல்லியிருக்கணும்! இன்னும் கொஞ்சம் போடு. அந்த ஓரத்துல. நல்லா மிதி. போதும், நான் மேல போறேன்.

– மெல்ல வாங்க... வாங்க, வாங்க... அட! கால் ஊனினீங்களா?

– ஊனலை.

– இது நிஜமா, நடிப்பா? இனிமே உங்களை எப்படி நம்புறது?

– நிஜம். பச்சைதான். பலகையை நடு.

– அப்பாடா! பன்னிரண்டாவது பாதை. இனிமே யார் அண்ணி வந்து இறங்குவாங்க?

– அதைத்தான் சொல்ல வந்தேன். ஆழம் தெரியாம காலை விடாதே. ஊர் ஆபீஸ்ல சரிவு அளக்கிற கருவி தருவாங்களாம். பாதையில வச்சா எவ்வளவு இறக்கம், எவ்வளவு உயரம்னு காட்டிடுமாம். அந்தப் பள்ளியில எல்லாப் பாதையும் அதை வச்சுத்தான் பிரிச்சிருக்காங்க, எந்தப் பயந்தாங்கொள்ளியும் வேண்டியதில்லை. நாளைக்கே போய் ஒண்ணு கேட்டு வாங்கு.

– கேக்க வேண்டியதில்லை அண்ணி.

– பார்த்தியா, இந்த வீம்புதானே வேண்டாங்கிறேன்!

– வீம்பு இல்லை. மண்வெட்டி வைக்கிற கொட்டகையில மழைக்கோட்டுக்குக் கீழ ஒரு பெட்டி இருக்குமே.

– ஆணி இருக்கு, கையைக் குத்தும், தொடாதீங்கன்னு சொல்லுவியே, அதுவா?

– ஆணி இல்லை அண்ணி. உங்க கதவைத் தட்டினேனே, அன்னைக்குக் காலையில ஆபீஸ்ல கொடுத்த கருவி அது. பிரிச்சா அப்புறம் எந்தச் சாக்கைச் சொல்லி உங்களை வெளிய கூப்பிடுறது? மேல ஒட்டின டேப்பைக்கூட இன்னும் கிழிக்கலை.