பாதிக் கூரையில் பகலவனைப் பணிக்கு அமர்த்திய விஜிலா அம்மையாருக்கு

முத்து விளைந்த கடலோரத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் ஐஸ் விளைவித்தவரே, எங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்க ஐஸ் கம்பெனியிலிருந்து இன்று ஓய்வு பெறும் மேற்பார்வையாளரே, அமோனியா வாடையிலும் அன்பு வாடாத அம்மையாரே, வணக்கம்!

தாங்கள் பணியில் சேர்ந்த நாளில் தூத்துக்குடி வெயில் எப்படி இருந்தது என்பதை இளையவர்கள் அறியார். படகிலிருந்து துள்ளத் துள்ள இறக்கிய சீலா மீன், ஏலக் கூடம் சேர்வதற்குள் கருவாடாகிவிடும். மிகையில்லை, வால் பக்கம் மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அந்த வெயிலை ஊரே வைதது. தாங்கள் ஒருவர்தாம் அண்ணாந்து பார்த்து, இவ்வளவு பெரிய வேலையாள் சும்மா நிற்கிறானே என்று கவலைப்பட்டீர்கள்.

கவலைக்குக் காரணம் இருந்தது. நம் இரண்டு இயந்திரங்களில் ஒன்றை ஓட்டவே கரண்ட் பில் கழுத்தைப் பிடித்தது. மற்றொன்று சாக்குப் போர்த்தி உறங்கியது. விசைப்படகுகள் வாங்கியது போக, தலைச்சுமையாய் மீன் விற்கும் பெண்களுக்கு ஐஸ் மிஞ்சாது. அவர்களில் ஒருவராய், அழுகிய மீனைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்த பேச்சிச்செல்வி, “எங்க மீனுக்கு மட்டும் குளிரு ஆகாதோ?” என்று கேட்ட அன்று தாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

கூரை முழுவதும் சோலார் பேனல் வேண்டுமென்று நிர்வாகக் குழுவில் ஒன்பது முறை கேட்டீர்கள். இதோ முன்வரிசையில் மாலையோடு வீற்றிருக்கும் நம் தலைவர் இஞ்ஞாசி அண்ணாச்சி, முதல் முறை சிரித்தார். அடுத்த முறை, கயத்தாற்றுக் காற்றாலைகளைப் பார்த்து வந்ததாகவும், அத்தனை விசிறி சுற்றியும் தமக்கு வியர்த்ததாகவும் தெரிவித்தார். மூன்றாம் முறை, “ஏளா, ஐஸ் போடுத இடத்துக்கு வெயிலக் கூட்டிட்டு வாரியே” என்றார்.

“வெயிலு கூடக் கூடத்தான் அண்ணாச்சி ஐஸும் கூட வேணும். கேக்குத நேரமும் கெடைக்குத நேரமும் ஒண்ணா வார சரக்கு வெயில விட்டா வேற என்ன இருக்கு?” என்றீர்கள்.

மழைக்கு என்ன செய்வாய் என்றார். கடல் கொந்தளித்துப் படகே போகாத நாளில் ஐஸ் யாருக்கு என்றீர்கள். பேட்டரிக்கு எங்கே போவது என்றார். பகல் கரண்டில் உறைந்த கட்டிதான் பேட்டரி, விடிந்ததும் உடைத்துக் கொடுக்கலாம் என்றீர்கள். குழுவில் பாதிப் பேர் தலையசைத்தார்கள். ஆகவே பாதிக் கூரைக்குப் பேனல் வந்தது.

அந்த வாரமே உறங்கிய இயந்திரம் எழுந்தது. அப்போது உறைந்த கட்டிகளின் உறுதியைச் சொன்னால் நம்பமாட்டார்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு அனுப்பிய ஒன்று, பத்து நாள் திருவிழாவும் பார்த்துவிட்டுச் சேதாரமில்லாமல் திரும்பி வந்தது. பேச்சிச்செல்வியின் கூடைக்கும் ஐஸ் கிடைத்தது. ஆனால் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் முப்பது பேருக்கு இன்னும் இல்லை. அவர்களுடைய ஐஸ் மீதிக் கூரையில் இருக்கிறது.

இவ்வாண்டு நிதியில் வாயிலுக்கு அலங்கார வளைவு எழுப்பத் தலைவருக்கு ஆசை. வளைவும் நல்லதுதான், அதன் நிழலில் நான்கு கூடைகளை இறக்கி வைக்கலாம். பேனலோ ஆறு ஆண்டில் போட்ட முதலைத் திருப்பிவிட்டு, அப்புறமும் இருபது ஆண்டு உழைக்கும். சம்பள உயர்வும் கேட்காது. திங்கட்கிழமை குழுவில் முடிவு. அன்று வாதாடத் தாங்கள் இருக்கமாட்டீர்கள். காலையிலிருந்து தங்கள் கண் கலங்குவது எங்களைப் பிரிவதற்காக மட்டும் இல்லை என்பதை அறிவோம்.

கலங்காதீர்கள் அம்மையாரே. வலியறியா முழங்காலும் வாட்டமறியா மனமும் பெற்று நூறைத் தாண்டி வாழுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஒரு செய்தி மட்டும் பாக்கி. பாராட்டு மடலை வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடுவது அன்புக்குக் குறைவு என்பதால், நம் சங்கத்தில் எந்தத் தலைவரும் அதை முன்கூட்டி வாசித்ததில்லை. அண்ணாச்சியும் நேற்றே மனமுவந்து முதற் கையெழுத்து இட்டுவிட்டார். கண்ணாடிச் சட்டகத்தில் ஆணி நான்கும் அடித்தாயிற்று.

இங்ஙனம்,
வளைவுக்கு ஒதுக்கிய நிதியை மீதிக் கூரைக்கே வழங்க முழுமனதோடு சம்மதித்து ஒப்பமிடும்

இஞ்ஞாசி, தலைவர்
மற்றும் ஐஸ் கம்பெனி ஊழியர்கள் பதினெண்மர்