நாலாவது ஸ்டாப்

– இந்தா பாரு, நீ கதவைத் திறக்கிற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்.

– நகராதண்ணா. யாரு வேணாம்னா? உனக்கு அவசரம்னா கீழே ஒரு பாத்ரூம் இருக்கு, அங்க போ.

– அதுல சித்தப்பா இருக்கார். பேப்பரோட போயிருக்கார், லேசுல வர மாட்டார். எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல. உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்காங்க.

– யாரு? அப்பாவா?

– உங்க அண்ணிதான். தட்டெல்லாம் வெச்சாச்சு, உன் நாற்காலி காலியா இருக்கு. வா பொடிசு. ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னு சொல்லிட்டு உக்காந்துட்டா சாப்பாடு வந்துடும். எனக்குப் பசி உயிர் போகுது.

– அந்த ரெண்டு நிமிஷத்துக்குப் பயந்துதான் இங்க உக்காந்திருக்கேன்.

– எங்க உக்காந்திருக்கே?

– தொட்டி விளிம்புல.

– புது டிரஸ்ஸோடவா? ஈரம் பட்டுடப் போகுது.

– பட்டா நல்லதாப் போச்சு. நனைஞ்சுட்டேன்னு சொல்லிட்டு வீட்டுக்குக் கிளம்பிடலாம்.

– இந்தா பாரு, எல்லாருக்கும்தான் பயம். ஊர்ல எல்லாரும் கிறிஸ்துமஸ் அன்னைக்குச் சாப்பிட்டுட்டுப் பேசுவாங்க. நம்ம வீட்டுலதான் பேசிட்டுச் சாப்பிடணும். 'இந்த வருஷம் என்ன செஞ்சே, எழுந்து நின்னு சொல்லு.' ஹெட்மாஸ்டர் வீட்டுல பொறந்தா இதெல்லாம் உண்டு. நாலாங் கிளாஸ்ல கையெழுத்துப் போட்டியில மூணாவதா வந்தேன்னு சொன்னேன். அப்பா என்ன கேட்டார் தெரியுமா?

– 'மொத்தம் எத்தனை பேர்?'

– மூணு பேர்னு சொன்னேன். சித்தப்பா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

– உனக்கென்னண்ணா. இப்பல்லாம் நீ பெருசு பெருசா சொல்லிட்டு உக்காந்துடறே. போன வருஷம்கூட ஏதோ கோர்ட்டுக்கு லிஃப்ட் மாட்டினேன்னு சொன்னியே.

– அதுக்கு முந்தின வருஷம் என்ன சொன்னேன்?

– ஓட்டலுக்கு.

– அதுக்கு முந்தி ஆஸ்பத்திரிக்கு. சொன்னது ஒரே கதைதான், கட்டடத்தை மட்டும் மாத்தி மாத்திப் போட்டேன். உண்மையில ஒரே அபார்ட்மெண்ட்டுல ஒரே லிஃப்ட்டைத்தான் இன்னும் ரிப்பேர் பண்ணிட்டிருக்கேன். மேல போனா கீழே வர மாட்டேங்குது சனியன்.

– அப்பா கை தட்டினாரே.

– அதைத்தான் சொல்ல வர்றேன். யாரு போய் விசாரிக்கப் போறாங்க? உனக்கு அந்தப் பொய்கூட வேண்டாம். 'ஸ்கூல்ல துணை முதல்வரா இருக்கேன், ரிசல்ட் நல்லா வந்துச்சு, புது லேப் கட்டறோம்.' முடிஞ்சுது கதை. உக்காந்து சாப்பிடு.

– அண்ணா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?

– நானும் இந்தத் துணிக்கூடையும்தான். நான் அது மேல உக்காந்திருக்கேன்.

– நான் ஸ்கூல்ல இல்ல.

– லீவு போட்டிருக்கியா?

– விட்டுட்டேன். மே மாசமே எழுதிக் கொடுத்துட்டேன்.

– விளையாடாதே.

– பாத்ரூம்ல பூட்டிக்கிட்டு யாராவது விளையாடுவாங்களா?

– இரு, இரு. ஆகஸ்ட்ல அப்பா பிறந்தநாளுக்கு வந்தப்ப, பேப்பர் திருத்தணும்னு சொல்லிட்டு சீக்கிரமாக் கிளம்பினியே.

– மறுநாள் முதல் ட்ரிப் எனக்கு. சீக்கிரம் தூங்கணும்.

– என்ன ட்ரிப்?

– பஸ்ஸுதான்.

– எந்த பஸ்?

– நான் ஓட்டற பஸ்.

– கதவைத் திற.

– மாட்டேன்.

– பொடிசு, சத்தியமாச் சொல்றேன், இதையெல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டுக் கேக்க முடியாது.

– அங்கேயே இருந்து கேளு. உன் முகத்தைப் பார்த்தா எனக்கு வார்த்தை வராது.

– பெரிய பஸ்ஸா?

– பின்ன? முன்னாடி பின்னாடி ரெண்டு கதவு வெச்ச பஸ்.

– எப்படி இதெல்லாம்?

– எப்படின்னா என்ன சொல்றது. தினமும் காலைல பஸ்லதான் ஸ்கூலுக்குப் போவேன். ஸ்டாப் வரும்போது எழுந்திருக்கவே மனசு வராது. உள்ளே போனா முதல்ல ஒரு பையனோட அம்மா கத்துவாங்க, அப்புறம் ஒரு டீச்சர் அழுவாங்க, அப்புறம் நான் சாக்பீஸ் அடுக்கற அறையில போய் நின்னு அழுதுட்டு வந்து மீட்டிங்ல உக்காருவேன். ஒருநாள் ஸ்டாப்ல இறங்கல. அடுத்த ஸ்டாப்லயும் இறங்கல. கடைசி வரைக்கும் போயிட்டேன். டிரைவர் ஒரு அக்கா. 'இறங்கலையாம்மா'ன்னு கேட்டாங்க. உங்க வேலை எப்படி இருக்கும்னு கேட்டேன். 'இறங்கினா மறந்துடலாம்'னாங்க. அன்னைக்கே விசாரிச்சேன்.

– என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

– நீதான் கோர்ட்டுக்கு லிஃப்ட் மாட்டற ஆளாச்சே. உன்கிட்டப் போய் எப்படிச் சொல்றது?

– நல்லாச் சொன்னே. சரி, வேலை பிடிச்சிருக்கா?

– ரொம்பப் பிடிச்சிருக்குண்ணா. வயசானவங்க ஏறும்போது ஒரு பட்டனை அமுக்கினா பஸ்ஸே கொஞ்சம் சாஞ்சு கொடுக்கும், தெரியுமா? இறங்கிப் போறவங்க தேங்க்ஸ் சொல்றாங்க. அத்தனை வருஷம் ஸ்கூல்ல இருந்தேன், தேங்க்ஸ் சொன்னது வாட்ச்மேன் மட்டும்தான். இப்பல்லாம் படுத்தாத் தூக்கம் வருது.

– அப்புறம் என்ன? இதைச் சொல்லிட்டுப் போ.

– யார்கிட்ட? 'என் நாற்காலிக்கு என் பொண்ணு வருவா'ன்னு ரிட்டயர்மெண்ட் அன்னைக்கு மேடையில சொன்ன மனுஷன்கிட்டயா? காலைல சர்ச் வாசல்ல ஒருத்தர் கேட்டார், 'உங்க பொண்ணு எப்ப முதல்வர் ஆகப்போறா'ன்னு. அப்பா என்ன சொன்னார் தெரியுமா? 'இன்னைக்கு மத்தியானம் அவளே சொல்லுவா'ன்னார்.  அதைக் கேட்டுட்டுத்தான் காரை எடுத்தேன். அதுலதான் அந்தக் கூத்தும் நடந்துது.

– என்ன கூத்து?

– சிரிக்கக் கூடாது.

– சிரிக்க மாட்டேன்.

– சித்தப்பா முன் சீட்டுல தூங்கிட்டார். அப்பாவும் அம்மாவும் பின்னாடி. எனக்கு மனசெல்லாம் மத்தியானத்து மேலதான் இருந்துது, கை பாட்டுக்கு ஓட்டிட்டு வந்துது. திடீர்னு பார்த்தா வண்டி நிக்குது. பஸ் ஸ்டாப்புல.

– பஸ் ஸ்டாப்புல நிறுத்தினியா?

– ஓரமா ஒட்டி, ஒழுங்கா நிறுத்தியிருக்கேன். கை தானா கதவு பட்டனைத் தேடிப் போச்சு. அந்த இடத்துல கார்ல வைப்பர்தான் இருக்கு. பளீர்னு வெயில் அடிக்குது, வைப்பர் சர்ரு சர்ருன்னு ஓடுது.

– ஐயோ.

– சிரிக்காதன்னேன். அடுத்த ஸ்டாப்புலயும் நின்னேன். அதுக்கடுத்த ஸ்டாப்புலயும். நிறுத்தறேன்னு தெரியுது, நிறுத்தாம இருக்க முடியல. நாலாவது ஸ்டாப்புல ஓரங்கட்டப் போறப்பதான் சுதாரிச்சுக்கிட்டு அழுத்திட்டு வந்துட்டேன். அந்த ஸ்டாப்புல ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கிட்டுக் கையைக் காட்டினார் பாவம். பார்க்காத மாதிரி வந்துட்டேன்.

– அப்பா ஒண்ணும் கேக்கலையா?

– ஒண்ணுமே கேக்கல. அதான் பயமே. ஒரு கமா விட்டுப்போனாக்கூடக் கேக்கற மனுஷன், மூணு தடவை வைப்பர் ஓடியும் வாயைத் திறக்கல. வீட்டுக்கு வந்ததும் நேரா மேல ஏறி வந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன்.

– இந்தா பாரு, எனக்கு ஒரு யோசனை. முதல்ல நான் எழுந்து ஏர்ப்போர்ட்டுக்கு லிஃப்ட் மாட்டின கதையை எடுத்து விடறேன். இழுத்து இழுத்துச் சொல்றேன். அதுக்குள்ள எல்லாரும் பசியில மயங்கிடுவாங்க, உன் முறையே வராது.

– ஏர்ப்போர்ட்டா? ஆஸ்பத்திரி, ஓட்டல், கோர்ட் எல்லாம் முடிஞ்சு இந்த வருஷம் ஏர்ப்போர்ட்டாடா?

– அம்மா. நீ எப்ப மேல வந்தே?

– நீ துணிக்கூடையை நசுக்கிட்டு உக்காந்திருக்கிறப்பவே வந்துட்டேன். எழுந்திரு, அது மூங்கில் கூடை.

– ஏர்ப்போர்ட் உண்மைதாம்மா.

– சரி சரி, இருக்கட்டும். அந்த அபார்ட்மெண்ட் லிஃப்ட் மறுபடி மாட்டிக்கிச்சுன்னு உன் பொண்டாட்டி போன வாரமே போன்ல சொல்லிட்டா. நகரு. கண்ணு, அம்மா வந்திருக்கேன். கதவைத் திற.

– அம்மா, எனக்குத் தலைவலி. படுத்துக்கறேனே.

– பாத்ரூம்ல எங்கடி படுப்பே? திற. முட்டி வலியோட படியேறி வந்திருக்கேன், தொட்டி விளிம்புல கொஞ்சம் இடம் கொடு.

– இரும்மா, திறக்கறேன்.

– அம்மாவுக்கு மட்டும் திறக்கறியே. நானும் உள்ளே வருவேன்.

– வாடா, வந்து கதவைச் சாத்து. சித்தப்பா கீழே வெளியில வந்தாச்சு, எல்லாரும் எங்கேன்னு தேடிட்டு இங்க வந்துடுவார். அப்பாடா, உக்காந்தாச்சு. கண்ணு, ஏன் இப்படிக் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு? சரி சரி, இருக்கட்டும். உங்க அப்பா உன்கிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு வரச் சொன்னார்.

– கேக்காதம்மா. அவர் கேள்வி வேண்டாம். முதல்ல நானே சொல்லிடறேன். அம்மா, நான் ஸ்கூல்ல இல்ல.

– தெரியும்.

– இன்னைக்கு நேத்து இல்லம்மா, மே மாசமே விட்டுட்டேன்.

– அதுவும் தெரியும். ஜூன் மாசமே அவர் பழைய கிளார்க் போன் பண்ணிட்டார். அந்த ஸ்கூல் உலகத்துல ஒருத்தர் தும்மினாலும் உங்க அப்பா காதுக்கு வந்துடுமே, உனக்குத் தெரியாதா?

– அப்ப இத்தனை மாசமா ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?

– நான்தான் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். கேட்டா நீ அழுவே, நீ அழுதா அவர் அழுவார், ரெண்டு பேருக்கும் நான் காபி போட்டுக்கிட்டு நிக்கணும். அவளா சொல்லட்டும்னேன். அவரால தாங்க முடியல. 'பிடிச்சுத் தள்ளி அந்த நாற்காலில உக்கார வெச்சது நான்தான். இப்ப ரூம்ல விளக்கை அணைச்சுட்டு உக்காந்திருக்காளோ என்னமோ'ன்னு புலம்பிக்கிட்டே இருப்பார். சர்ச்சுல அவர் சொன்னாரே, இன்னைக்கு நீ சொல்லுவேன்னு. அது அந்த ஆளுக்குச் சொன்னதில்லடி. உனக்குச் சொன்னது.

– அப்ப நான் என்ன வேலை பார்க்கறேன்னு அவருக்குத் தெரியாதா?

– காலைல வரைக்கும் தெரியாது.

– அம்மா, நீ சிரிக்கிறே.

– சிரிக்காம என்ன பண்றது? முதல் ஸ்டாப்புல நீ நிறுத்தினப்ப டயர்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். ரெண்டாவது ஸ்டாப்புலயும் வைப்பர் ஓடிச்சு பாரு, உங்க அப்பா என் கையை இறுக்கிப் பிடிச்சார். மூணாவதுல காதுகிட்ட வந்து, 'பஸ் ஓட்டறா'ன்னார்.

– அம்மா...

– அவர் ஸ்கூல் பஸ்ஸுக்கு எத்தனை டிரைவரை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்து வேலைக்கு எடுத்தவர். 'ஓரத்துக்கும் டயருக்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்ல, மூணு தடவையும் ஒரே மாதிரி. இவளை யாரோ ஒழுங்காப் பழக்கியிருக்காங்க'ன்னார். ஆறு மாசமாச் சுருங்கிக் கிடந்த முகம், அப்படியே விரிஞ்சு போச்சு. வீடு வர்ற வரைக்கும் என் கையை விடல.

– பொடிசு, அழாதே. இந்தா, டவல்.

– இது கால் துடைக்கறதுண்ணா.

– அவசரத்துக்கு எதுவா இருந்தா என்ன? அம்மா, அப்ப கீழே எல்லாரும் எழுந்து நின்னு சொல்ற சமாச்சாரம்?

– இந்த வருஷம் கிடையாது. 'எல்லாரும் முதல்ல சாப்பிடுங்க'ன்னு சொல்லிட்டார். சித்தப்பா தன் முட்டி ஆபரேஷனைப் பத்திப் பேசத் தயாரா வந்திருந்தார், அவருக்குத்தான் வருத்தம்.

– சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்களா? எனக்கு வெக்காமயா?

– உனக்கு மூடி வெச்சிருக்கு. அலையாதே.

– அப்பாவும் சாப்பிடறாராம்மா?

– இல்ல. ஷூவை மாட்டிக்கிட்டு கார் பக்கத்துல நிக்கறார். பின் சீட்டுல கிடந்த சாமானையெல்லாம் எடுத்து உள்ளே வெச்சாச்சு. சாவி உன்கிட்டதானே இருக்கு?

– பையில இருக்கு. எங்கம்மா போகணும் இப்ப?

– அந்தக் கேள்வியைக் கேட்டாத்தானே தெரியும். நீ கேக்க விட்டாத்தானே.

– கேளும்மா.

– அவர் சொன்ன மாதிரியே சொல்றேன். ஹெட்மாஸ்டர் குரல்லதான் சொன்னார், கோவிச்சுக்காதே. 'மூணு ஸ்டாப்புல ஒருத்தரும் இல்லாம நின்னவ, நாலாவது ஸ்டாப்புல கை காட்டின பெரியவரை ஏன் விட்டுட்டு வந்தா?'