கூண்டில் கிடந்த முடி

கனகசெட்டிக்குளம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். முத்தியால்பேட்டை தாண்டியதும் ஜன்னலோரம் இருந்த ஐம்பது வயதுக்காரி பக்கத்திலிருந்தவளிடம் திடீரென்று சொன்னாள்:

"மொசலு அதோட முடிய அதுவே பிச்சிக்கும்னு எனக்கு யாருமே சொல்லலடி."

"எதுக்குக்கா பிச்சிக்குது?"

"குட்டி போடப் போவுதுன்னா வயித்து முடியப் பிச்சி மெத்த மாதிரி பரப்பி வெக்குமாம். குட்டிங்க முடியில்லாம பொறக்கும்ல, குளுரும்னு. எனக்கென்னா தெரியும்? எம்பொண்ணுக்கு ஏழு மாசம். மாசமா இருக்கறவ வூட்ல முடி கெடக்கக் கூடாதேன்னு அள்ளி வெளிய போட்டுட்டு, கூண்டையும் கழுவி வுட்டேன்."

"அய்யய்யோ."

"மறுநாளும் பிச்சி வெச்சிச்சி. அதையும் பெருக்கிட்டேன். மூணாம் நாள் காலைல பாத்தா ஆறு குட்டி, வெறும் கம்பி மேல வெறச்சிக் கெடக்குது. தாயி வயித்துல பிச்சிக்க முடியே இல்ல."

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"பொண்ணு என்னாக்கா சொன்னா?"

"அது அவ வளத்த மொசலு. குட்டிங்கள அவளே எடுத்துப் பொதச்சிட்டு வந்தா. நேத்து அவ பொட்டியத் தொறந்தேன். பழைய பொடவையெல்லாம் கிழிச்சி, கொழந்தைக்குன்னு மடிச்சி மடிச்சி வெச்சிருக்கா. பொறக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் சேக்கக் கூடாதுடி, எடுத்துடுன்னேன்."

"எடுத்துட்டாளா?"

"பொட்டியப் பூட்டிட்டா. சாவியத் தாலிக்கயித்துல மாட்டிக்கினு இருக்கா."