பாஸ்போர்ட்டுக்குள் ஒரு பாம்புச் சட்டை

கார்மேகம்: ஏர்போர்ட்ல பாஸ்போர்ட் கவரைப் பிரிச்சுப் பார்ப்பானா சுகந்தாக்கா?

சுகந்தா: பிரிக்காமல் மணந்தே பாப்பான்? உள்ளுக்கை என்ன கிடக்கு தம்பி?

கார்மேகம்: நீங்க குடுத்ததுதான். அந்த... பாம்புச் சட்டை.

சுகந்தா: அதை இன்னும் எறியேல்லையே நீர்?

கார்மேகம்: எறியுறதா? ஒரு வருஷமா லீவு கேட்டு மேடம் வாயத் திறக்கல. இதை வச்ச மூணாம் நாளு, எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா அடிச்சாச்சு, ஊருக்குப் போன்னாங்க. எங்க பக்கம் பணம் சேரும்னு பர்ஸ்ல வைப்பாங்க. எனக்கு ஊருக்குல்ல போகணும், அதான் பாஸ்போர்ட்ல வச்சேன்.

சுகந்தா: நல்ல விஞ்ஞானி.

கார்மேகம்: சிரிங்க. வெள்ளிக்கிழமை எம்மகளத் தூக்கி வச்சிருப்பேன். பொறந்து ஏழு மாசம். போன்லயே பாத்துப் பாத்து, என்னைய ஏதோ சினிமாக்காரன்னு நெனச்சுக்கிட்டிருக்கு.

சுகந்தா: அந்த மூஞ்சிக்கு வில்லன் எண்டு நினைச்சிருக்கும்.

கார்மேகம்: ஆனா ஒண்ணு உறுத்துதுக்கா. மேடம் மக நஜீஹா வளக்குற அந்தப் பாம்பு... மோஸா...

சுகந்தா: அரபியிலை வாழைப்பழம். பாம்புக்கு வைக்கிற பேரைப் பாரும். அதுக்கு எலி எடுக்க ஃப்ரீசர் திறக்கிறது நான். மீனுக்குப் பக்கத்திலை எலி.

கார்மேகம்: கேளுங்க. அது உரிக்கிற சட்டை ஒவ்வொண்ணையும் அந்தப் புள்ளை கவர்ல போட்டு, தேதி எழுதி, டேப் வச்சு அளந்து வச்சிருக்கு. கண்ணு மேல உள்ள தோலு சேந்து உரிஞ்சிருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாக்குமாம். அதுல பிச்சதை எடுத்துக்கிட்டு நான் பிளேன் ஏறுனா, திருட்டுதானே?

சுகந்தா: அவளுக்குச் சொல்லிக் கில்லிப் போடாதையும்.

கார்மேகம்: ...சொல்லிட்டேன்.

சுகந்தா: என்ன?

கார்மேகம்: காலையில கார்ல கொண்டுபோய்க் காலேஜ்ல விடும்போது. "மாஃப் கரோ, ஸ்நேக் ஷர்ட் மேரே பாஸ்"னு, மன்னிச்சிரு, பாம்புச் சட்டை எங்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரிஞ்ச இந்தியில.

சுகந்தா: ஸ்நேக் ஷர்ட்டோ... கடவுளே.

கார்மேகம்: ஒரு நிமிஷம் முழிச்சிச்சு. அப்புறம் ஒரே சிரிப்பு. தலையிலருந்து வாலு வரைக்கும் எல்லாம் முழுசா இருக்கு, நகக்கண்ணு அளவு கூடக் குறையலைங்குது.

சுகந்தா: ம்...

கார்மேகம்: என்ன ம்? குடுக்கும்போது என்ன பாம்புன்னு கேட்டேன், "உள்ளி"ன்னீங்க. சாரை தெரியும், விரியன் தெரியும். உள்ளின்னா மலைப்பாம்புல ஒரு வகையா?

சுகந்தா: நான் பொய் சொல்லேல்லை. உள்ளிதான். ரசத்துக்குத் தட்டிப் போடுறது.

கார்மேகம்: ரசத்துக்கா... அட... பூண்டா?

சுகந்தா: பாம்புச் சட்டை வேணும் எண்டு நாள் முழுக்க நச்சரிச்சீர். கையிலை கிடந்த தோலை டிஷ்யூவிலை சுத்தித் தந்தன். பிரிச்சுப் பாத்திட்டு வந்து ஏசுவீர் எண்டு நினைச்சன்.

கார்மேகம்: பயத்துல பிரிக்கவே இல்ல. வாடை வேற அடிச்சுது. பாம்பு வாடைன்னு கும்பிட்டுக்கிட்டேன்.

சுகந்தா: என்ர அம்மாளாச்சி...

கார்மேகம்: சிரிச்சது போதும். பூண்டுத் தோலுக்கா மேடம் லீவு குடுத்தாங்க?

சுகந்தா: குடுத்தாச்செல்லே. கலாஸ், முடிஞ்சுது. போய்ப் பெட்டியைக் கட்டும்.

கார்மேகம்: இருங்க... இந்த வீட்டுல வருஷத்துக்கு ஒருத்தருக்குத்தான் லீவு. இந்த வருஷம் உங்க முறை. யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் போட்டாச்சா?

சுகந்தா: பெட்டி கட்டக் கயிறு காணுமோ தம்பி?

கார்மேகம்: அக்கா. என்னையப் பாத்துச் சொல்லுங்க.

சுகந்தா: என்ர மகளுக்குப் பதினாறு வயசு, இன்னும் ஒரு வருஷம் காணாட்டிலும் அவளுக்கு என்ர முகம் மறக்காது. உம்மட குஞ்சுக்கு உம்மை இன்னும் தெரியாது. அதுதான் இந்த முறை கார்மேகம் போகட்டும் எண்டு மேடத்திட்டை நான் சொன்னனான். மகளுக்குச் சொல்ல, ரெண்டு நாள் போன் எடுக்கேல்லை. நேற்று எடுத்து, அந்தக் குழந்தைக்கு என்ன பேர் எண்டு கேட்டவள்.