மோட்டாருக்குச் சுருதி சேர்த்த கிதார்

கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் வரும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவளின் மடியில் பழைய சேலை சுற்றிய கிதார்.

“எங்க தோட்டத்து மோட்டார் உறுமுற சத்தத்துக்குத்தான் மதினி இதைச் சுருதி சேத்து வச்சிருக்கேன்,” என்றாள்.

“அடிப்பாவி! கரண்டு போனா சுருதியும் போயிருமாக்கும்?”

“அப்ப அடுப்படிக்குப் போயி வெஞ்சனம் வதக்குவேன். போன்ல பாட்டக் கேட்டு, வெரலால தேடித் தேடித்தான் அம்புட்டும் படிச்சேன். இன்னைக்கு சர்ச்சுல கீபோர்டோட சேந்து வாசிக்கணும். ஒட்டலைன்னா பாடற்குழுவுல சேக்க மாட்டாக.”

“கீபோர்டு சுருதி ஒனக்கு எப்படித் தெரியும்?”

“கீபோர்டுல வாசிச்ச பாட்டப் போனுக்கு அனுப்பிருக்காக.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பஸ் குலுங்கியது, ஹாரன் அலறியது, தக்காளிக் கூடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. அத்தனை இரைச்சலுக்குள்ளும் அந்த ஒற்றை இழையைப் பிடித்துக்கொண்டு, சேலையை விலக்கி, கண்ணை மூடி, ஒவ்வொரு கம்பியாக முறுக்கினாள். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மீட்டினாள். கீபோர்டும் கிதாரும் ஒரே வாய்க்காலில் விழுந்த தண்ணீராக ஓடின.



நாகல் நகரில் இறங்கும்போது கேலி பேசிக்கொண்டு வந்த மதினியே கிதாரை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“ஏலே, வழி விடுங்கப்பா! இடிச்சுச் சுருதியக் கலைச்சுறாதீக. சர்ச்சுல இருக்கவுக கேக்குற வரைக்கும் இது இப்படியே இருக்கணும்.”